மரத்துக்கு மாவுக்கட்டு போட்ட அக்கா

என் வாழ்நாளில் நான் பட்ட களைப்பையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினால், வேலை கொடுத்த களைப்பு, கல்யாணம் கொடுத்த களைப்பு, பிள்ளைகள் கொடுத்த களைப்பு எல்லாம் அதில் ஓர் ஓரமாகத்தான் கிடக்கும். மீதி மூட்டை முழுக்க ஒரே ஒருவர் கொடுத்தது. அவர் மாவுக்கட்டு அக்கா.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். அந்த ஊர்த் தோல் வியாபாரிகளுக்கு மெட்ராஸ் பெரியமேட்டோடு பேசாமல் பொழுது விடியாது. "மெட்ராஸ் கிடைச்சுதா? இன்னாம்மா, மெட்ராஸ் கிடைச்சுதா?" என்று ஷிஃப்ட் முழுக்கக் காதுக்குள் கத்துவார்கள். வேலை முடிந்து வெளியே வந்தால் காக்கா கத்துவதுகூட மெட்ராஸ் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றில் இடம் கிடைத்தது. பெட்டியும் கையுமாக முதல் நாள் போய் நின்றபோது வாசலில் ஓர் உயரமான பெண்மணி நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. முழங்கை வரை வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. தோளைப் பார்த்தார்.

"வலது தோள் இறங்கி இருக்குது. பெட்டியைக் கை மாத்திப் பிடி. எங்க வேலை?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுங்க. என் பேரு..."

"சரி டெலிபோன், உள்ள போ. சாப்பாடு ஆறிடும்."

அத்தோடு அந்த ஹாஸ்டலில் என் பெயர் முடிந்தது.

ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் கை கால் முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டு போடும் அறையில் அவருக்கு வேலை. அதனால் அவர் பெயரும் அதுதான். வார்டன் அம்மாவுக்கு நிஜப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் ஜெப நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பேர் பேராகச் சொல்லி வேண்டும்போதுகூட அவர் "எங்கள் மாவுக்கட்டையும் ஆசீர்வதியும்" என்றுதான் வேண்டினார். ஆண்டவருக்கும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

ஹாஸ்டலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பின்பக்கத்தைத் தவிர. அங்கேதான் துணிக்கொடி. அதற்கு அந்தப் பக்கம் இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அப்பால் லாரி ஷெட். தோல் ஏற்றும் லாரிகளை ரிப்பேர் பார்க்கிற ஆட்கள், ரிப்பேர் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் பானட்டின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். ரிப்பேர் கம்மி, மிச்ச நேரம் ஜாஸ்தி. துண்டுக்கு அடியில் ஒளித்து, புடவைக்குப் பின்னால் மறைத்து, துணி காயப்போடுவதே ஒரு கடத்தல் தொழில் மாதிரி ஆகிவிட்டது. வார்டன் அம்மா மனு கொடுத்ததில் ஹாஸ்டல் கமிட்டிப் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் வந்த நேரம் கொடியில் துணியும் இல்லை, ஷெட்டில் ஆளும் இல்லை. "நல்லா காத்தோட்டமா இருக்குதே. சுவரை ஒசத்தினா ஜெயில் மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

என் அறையில் இருந்தவள் பர்வீன். பேரணாம்பட்டுக்காரி. ஷூ கம்பெனியில் தோலை வெட்டும் பிரிவில் சேர்ந்து, தையல் பிரிவுக்கு சூப்பர்வைசராக உயர்ந்தவள். அவள் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பார்க்க வந்தவர், பின்பக்கத்தையும் பார்த்துவிட்டார்.

"இது மரியாதைப்பட்ட பொண்ணுங்க இருக்கிற இடமா? ஒரு வருஷம் பார்க்கிறேன். அதுக்குள்ள மறைப்பு வரலேன்னா வேலையை வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடு."

"சரி, பாய்ஜான்" என்றாள் பர்வீன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. கல்யாணம், காட்சி எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு அவள் பிடித்து வைத்திருந்த வேலை அது.

மறுநாள் ஜெபம் முடிந்ததும் மாவுக்கட்டு அக்கா எழுந்து நின்றார். "சுவரை ஏத்த மாட்டாங்க. நாம செடி வெச்சு வேலி ஏத்துவோம். பின்னாடி மரமும் வெப்போம். எவன் பார்க்கிறான்னு நானும் பார்க்கிறேன்."

எல்லாரும் கை தட்டினோம். நானும் பலமாகத் தட்டினேன். தட்டிய கையால்தான் தோண்டவும் வேண்டும் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹாஸ்டல் வருவதற்கு முன் அங்கே பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கி வைத்திருந்தார்களாம். வெயில் காலத்தில் தரையில் வெள்ளையாகப் பூக்கும். நாய்கூட அங்கே படுக்காது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்த இடத்தில் கடப்பாரையைப் போட்டால் மண் நம்மைத் திரும்பிப் போடும்.

நான் காலை ஷிஃப்ட் முடிந்து, செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசலில் நுழைவேன். கடப்பாரை காத்திருக்கும்.

"அக்கா, இப்பதான் வர்றேன். உயிரே இல்ல."

"உனக்குக் காதுக்குத்தானே வேலை? கை சும்மாதானே இருந்திச்சு? வா."

பர்வீன் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவாள். "உனக்குக் கண்ணுக்குத்தானே வேலை? முதுகு புத்தம் புதுசா இருக்குது. வா." பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கு வாயில்தான் வேலை, கணக்கு எழுதுகிறவர்களுக்கு விரலில்தான் வேலை. இப்படி எங்கள் எல்லாருடைய உடம்பிலும் வேலை செய்யாமல் மிச்சம் இருந்த பாகங்களை அவர் கண்டுபிடித்துச் சேகரித்தார். அவருக்கு மட்டும் தலை முதல் கால் வரை வேலை. ஆனால் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

முதல் தடவை அவர் வைத்தது அழகழகான செடிகள். செம்பருத்தி, குரோட்டன்ஸ், வரிசையாக நெட்டிலிங்கக் கன்றுகள். வைத்த விதம்தான் விசேஷம். ஒவ்வொரு கன்றையும் கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கி, சுற்றி மிதித்து, அடித்தண்டிலேயே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். "எலும்பு ஆழமா உட்கார்ந்தாதான் அசையாது" என்றார். நாங்கள் எதிர்த்துப் பேசவில்லை. எங்களில் ஒருத்திக்கும் செடியும் தெரியாது, எலும்பும் தெரியாது.

செம்பருத்தி முதலில் போனது. குரோட்டன்ஸ் ஒவ்வோர் இலையாக ராஜினாமா செய்தது. நெட்டிலிங்கம் நுனி கருகி, கழுத்து அழுகி, கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் ஈரக் குச்சி. உண்மையைச் சொன்னால், ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு உள்ளுக்குள் ஒரே ஆனந்தம். தூங்கலாம் அல்லவா? பர்வீன் மட்டும் செத்த கன்றுகளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கையில் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு ஆனந்தம் கொஞ்சம் கசந்தது.

மாவுக்கட்டு அக்கா படிக்கப் போய்விட்டார்.

புத்தகம் எதையும் அவர் தேடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளைத்தான் படித்தார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எலும்பு முறிந்து வருகிறவர்களில் கணிசமான பேர் மரத்திலிருந்து விழுந்தவர்கள். ஏலகிரியில் பலா மரம், விரிஞ்சிபுரம் பக்கம் புளிய மரம், பாலாற்றங்கரையில் தென்னை. ஈர மாவுக்கட்டு காய்கிறவரைக்கும் நோயாளி ஆடக்கூடாது, அசையக்கூடாது. அந்த நேரத்தை அக்கா பிடித்துக்கொண்டார். ஒரு நாள் பல்வலிக்கு மருந்து வாங்கப் போனபோது கதவுக்கு வெளியே நின்று நானே கேட்டேன்.

"எந்த மரத்துல இருந்து விழுந்த?"

"பலா மரம்மா. காலு ரொம்ப..."

"யாரு வெச்ச மரம்?"

"எங்க அப்பாரு வெச்சது. அம்மா, காலு..."

"காலை நான் பார்த்துக்கிறேன், நீ மரத்தைச் சொல்லு. வைக்கும்போது வேர்க் கழுத்து மண்ணுக்கு மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா?"

"மேலதாம்மா. கழுத்தைப் புதைச்சா அழுகிடும்."

"ஐயோ!" என்று அக்கா போட்ட சத்தத்தில், கால் போய்விட்டது என்று நினைத்து அந்த மனிதர் அழ ஆரம்பித்துவிட்டார்.

இப்படி, மரத்தைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனை பேரும் மரத்திலிருந்து விழுந்தவர்கள். அவர்களுக்குள் கருத்து ஒற்றுமை கிடையாது. தென்னையிலிருந்து விழுந்தவர், "உப்பு நல்லதும்மா, நாங்களே போடுவோம்" என்றார். புளிய மரத்திலிருந்து விழுந்தவர், "உப்பு விஷம்" என்றார். "தென்னக்காரருக்குத் தலையிலயும் அடி" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார்.

மெல்ல மெல்ல விஷயம் தெளிந்தது. குழி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருக்க வேண்டும். சுற்றிலும் வரப்புக் கட்டி, முதல் மழையைத் தேக்கினால் தண்ணீர் உப்பைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். ஏரி வண்டலும் மக்கிய சாணமும் கலக்க வேண்டும். தண்ணீரைத் தண்டில் ஊற்றாமல் சற்றுத் தள்ளி வட்டமாக ஊற்ற வேண்டும். மேலே சருகு மூடினால் ஈரம் நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நமக்குப் பிடித்த செடியை வைக்கக்கூடாது, அந்த மண்ணுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். வேலிக்கு நொச்சி, அதற்கு உள்வரிசையில் மருதாணி. மரத்துக்குப் புங்கமும் பூவரசும்.

"திரும்பவும் தோண்டணுமா அக்கா?" என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"இல்ல. இருக்கிற குழியை அகலப்படுத்தணும்."

அதற்குப் பெயரும் தோண்டுவதுதான்.

மழைக்கு முன் வைத்தோம். இம்முறை பிடித்துக்கொண்டது. நொச்சிக் குச்சிகள் துளிர்த்த அன்று அக்கா எங்களை ஒவ்வொருவராக அழைத்துப் போய்க் காட்டினார். ஆடுகள் வந்தன, நொச்சியை முகர்ந்தன, எங்கள் ஹாஸ்டல் சாம்பாரை முதல் நாள் சாப்பிட்டபோது நான் வைத்திருந்த முகத்தோடு திரும்பிப் போயின.

ஒரு லாரியைப் பின்னால் எடுக்கும்போது அதிலிருந்து சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த மரக்கட்டை இடித்து, ஒரு பூவரசங்கன்றின் கிளை ஒடிந்து தொங்கியது. நான் பார்த்து, போய்ச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு நேராக அறைக்குள் போனார். ஆஸ்பத்திரியில் பழசாகிக் கழித்த மாவுத்துணிச் சுருள் ஒன்றும் ஒரு பேசின் வெந்நீருமாகத் திரும்பி வந்தார். கிளையை நேராக்கச் சொல்லி என்னைப் பிடிக்க வைத்தார். துணியை நனைத்தார், சுற்றினார், உள்ளங்கையால் வழவழவென்று தடவினார். "ஆட்டாதே. இறுகணும்" என்றார். மெட்ராஸ், மெட்ராஸ் என்று காது இரைய, ஒரு மரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வாழ்க்கை என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று யோசிக்க அது நல்ல நேரம்.

ஷெட் முழுக்கச் சுவரோரம் கூடிவிட்டது. மேஸ்திரி கேட்டார்: "இன்னாக்கா, எக்ஸ்ரே எடுத்தாச்சா?"

அக்கா திரும்பாமலே சொன்னார்: "இடிச்சது உன் லாரி. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடதான் வருவியா?"

மறுநாள் காலையில் சுவர் மேல் ஒரு காகிதப் பையில் சாத்துக்குடி இருந்தது. பர்வீன் உரித்தாள், நான் சாப்பிட்டேன். நோயாளிக்குத் தோல்.

ஆனால் கிளை கூடவில்லை. கட்டைப் பிரித்தபோது உள்ளே எறும்புப் புற்றும் கருத்த பட்டையும்தான் இருந்தன. அந்த ஏலகிரிப் பலாக்காரர் தன் கட்டைப் பிரிக்க வந்தவர் சொன்னாராம்: "ஒடிஞ்ச கொம்பு ஒட்டாதும்மா. சுத்தமா வெட்டி வுடுங்க. மரமே தோலை இழுத்து மூடிக்கும்." அக்கா ரம்பத்தை வாங்கிவந்து கன்றின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு பர்வீனிடம் நீட்டினார்.

"நான் கட்டுறவ. எத்தினியோ கட்டு வெட்டியிருக்கிறேன், காலை வெட்டினது இல்ல. நீ தோல் வெட்டினவதானே, நீ வெட்டு."

பர்வீன் வெட்டினாள். வெட்டி முடிகிறவரை அக்கா லாரி ஷெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக அவர்கள்தான் எங்களைப் பார்ப்பார்கள்.

ஒரு கிளை போனது போதும் என்று மற்ற மரங்களை அவர் கெட்டியாகப் பாதுகாக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் மூன்று மூங்கில் கழி, மேலிருந்து கீழ்வரை பேண்டேஜ் துணிக் கட்டு. காற்றடித்தால் நாங்கள் ஆடுவோம், கன்றுகள் ஆடாது. பின்பக்கம் யுத்தம் முடிந்த ஊரின் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. கன்றுகளும் கிடுகிடுவென்று உயரமாக, ஒல்லியாக, மினுமினுவென்று வளர்ந்தன. எங்களுக்கெல்லாம் பெருமை. ஒரு ஞாயிறன்று, "இன்னிக்குக் கட்டுப் பிரிக்கிறோம்" என்று அக்கா அறிவித்தார். வார்டன் அம்மா பாயசம் வைக்கச் சொன்னார்.

ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றும் மெதுவாக வளைந்து, தலையைத் தரையில் வைத்தது. எல்லா மரமும், வரிசையாக.

"நமாஸ் பண்ற மாதிரியே இருக்குது" என்றாள் பர்வீன், வாயைப் பொத்திக்கொண்டு.

"ஜெபம் பண்ணுது" என்றார் வார்டன் அம்மா.

சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கன்றின் தண்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எத்தினி கட்டு பிரிச்சிருப்பேன். பிரிச்சா உள்ள காலு ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். கட்டுக்குள்ள சதை வளராது. நடக்க நடக்கத்தான் புடிக்கும். தினம் நானே சொல்லி அனுப்பற பேச்சு இது. எனக்குத் தெரியாததா?" பிறகு எங்களைப் பார்க்காமல், "விழுந்துடப் போகுதுன்னு பயந்துட்டேன்" என்றார்.

பாயசம் அன்று ஆறிப்போயிற்று.

அவர் துக்கம் மறுநாள் காலை வரைதான் நீடித்தது. நுனியைக் கொஞ்சம் கிள்ளிக் கனத்தைக் குறைத்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கழி, முழங்கால் உயரத்தில் மட்டும், லொடலொடவென்று ஒரு தளர்ந்த கட்டு. அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் கொஞ்சம் அன்பாக ஆரம்பித்திருப்பேன். விடவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்களே, அதை மரங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றார். காற்று இல்லாத நாளில் நாங்கள்தான் காற்று.

"டெலிபோன், உனக்கு மூலைப் புங்கம். மெதுவா புடிச்சு, இப்படி, அப்படி. பிடுங்காதே, ஆட்டு."

இரவு ஷிஃப்ட் முடிந்து, கண் சொருக, விடியற்காலையில் நான் ஒரு மரத்தை ஆட்டிக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் இரண்டு டீச்சர்கள் ஆளுக்கு ஒரு பூவரசு. படித்து, வேலை பார்த்து, சம்பளம் வாங்கும் பெண்கள் வரிசையாக நின்று கன்றுகளை ஆட்டுவதை லாரி ஷெட் வண்டிகளின் மேல் ஏறி நின்று வாய்பிளந்து பார்த்தது. ஒரு வாரம் பார்த்தது. பிறகு பயந்துவிட்டது. மேஸ்திரி லாரிகளையெல்லாம் அந்தப் பக்கம் முகம் திரும்பும்படி நிறுத்தச் சொல்லிவிட்டாராம்.

அந்தச் சமயத்தில்தான், ஒரு காலை வேளையில், பர்வீனின் அண்ணன் வந்து நின்றார். அவர் கொடுத்த வருஷம் முடிந்திருந்தது.

"இன்னா நடக்குது இங்க?"

"மரத்துக்கு எக்ஸர்சைஸ், பாய்ஜான்" என்றாள் பர்வீன், கையை எடுக்காமல்.

அவர் வேலியருகே நடந்தார். நொச்சி அவர் தலைக்கு மேல் நின்றது. மருதாணி அதன் சந்துகளை அடைத்திருந்தது. எட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், இலையை விலக்கிப் பார்த்தார். ஷெட் தெரியவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும் எங்கோ கேட்டது. அக்கா அவர் முழங்காலைப் பார்த்தார்.

"இடது காலைச் சாய்ச்சு நடக்கிற. பஸ்ல ரொம்ப நேரம் உட்கார்ந்து வந்தியா? கை நல்லாதானே இருக்குது? அந்தப் பூவரசு சும்மா நிக்குது, வா."

அந்த மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தயங்கி, போய்ப் பூவரசைப் பிடித்தார். நன்றாகவே ஆட்டினார். கிளம்பும்போது வாசலில் தங்கையிடம் சொன்னார்: "வேலையை வுடாதே. இந்தம்மா இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் எவனும் வர மாட்டான்." பர்வீன் உள்ளே வந்து, என் தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். என் தலையணையிலேதான். நான் தூங்க வேண்டிய நேரம்.

எண்பதுகள் தொடங்கியபோது மரங்கள் எங்களை மறந்து தாமே வளர ஆரம்பித்தன. அப்போது மின்சார ஆட்கள் ஏணியும் அரிவாளுமாக வந்தார்கள். மூலைப் புங்கம், என் புங்கம், கம்பியைத் தொட்டுவிட்டது.

"நடுவுல ஒரு வெட்டு போட்டா வேலை முடிஞ்சிடும்" என்றார் ஒருவர்.

அக்கா சண்டை போடுவார் என்று வேடிக்கை பார்க்க வந்தோம். போடவில்லை. அண்ணாந்து கம்பியை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்பவே மேல பார்த்திருக்கணும். பார்க்காம வெச்சது நான். அரை மணி நேரம் கரண்ட்டை நிறுத்திக் குடுங்கப்பா. நானே வெட்டறேன்."

ரம்பத்தை யாரிடமும் நீட்டவில்லை. ஏணியில் ஏறினார். கம்பியை நோக்கிப் போன கிளைகளை மட்டும் எடுத்தார். முதலில் அடியில் ஒரு சின்ன அறுப்பு, பட்டை கிழியாமல் இருக்க. பிறகு மேலிருந்து. தண்டோடு சேரும் இடத்தில் கிளை மோதிரம் போட்ட மாதிரி தடித்திருக்கும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே அறுத்தார். ஏணியை நான் பிடித்திருந்தேன். இறங்கியதும், "இப்ப பக்கவாட்டுல படரும். நல்லதுதான், நிழல் ஜாஸ்தியாகும்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பர்வீன் தட்டில் போட்டுக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு வழக்கமாக நடப்பவைதான் நடந்தன. எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. பர்வீன் தையல் பிரிவு முழுவதற்கும் பொறுப்பாளராகி, அதன் பிறகே, தன் இஷ்டப்படி, கல்யாணம் செய்துகொண்டாள். அக்கா வாலாஜாபேட்டைப் பக்கம் அண்ணன் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி. அந்தத் தெருக்காரர்களை நினைத்து நான் அனுதாபப்பட்டேன்.

அவரை நினைத்தால் எனக்கு வருவது ஒரு மத்தியான வேளை. மாற்றலுக்கு முந்தின கோடையில் எனக்கு மஞ்சள் காமாலை. அறையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் புங்க மரத்தடியில் போட்டார்கள். ஜுரத்தில் எத்தனை நேரம் தூங்கினேனோ தெரியாது. விழிப்பு வந்தபோது முகத்தில் வெயில் இல்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் கிளை வெட்டி அதிக நாள் ஆகாத மரம் அது, நிழல் என் கழுத்துக்கு மேல் எட்டாது.

லேசாகக் கண்ணைத் திறந்தேன். டியூட்டியிலிருந்து நேராக வந்த அக்கா, தோளில் பையைக்கூட இறக்காமல், முந்தானையை ஒரு கையால் விரித்துப் பிடித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலோரம் நின்றிருந்தார். நான் விழித்ததை அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். வெயில் நகர நகர, செருப்பு மண்ணில் உரசும் சின்னச் சத்தத்தோடு, அவரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தார்.